குளிரில் கிளம்ப மறுக்கும் டீசல் கார்: வாசகர் கேள்வி – பதில்

மார்கழி பிறந்துவிட்டால் மலைப்பகுதிகளிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே பாட்டுத்தான். மதியம் சாவியைத் தொட்டதும் கிளம்பும் வண்டி, விடிகாலையில் இழுத்தடிக்கிறது. காரணம் மட்டும் வண்டிக்கு வண்டி வேறு. இந்த இதழில் வேறுவேறு கோளாறுகளைக் காட்டும் கடிதங்களாகப் பார்த்து எடுத்திருக்கிறோம். எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: செல்ஃப் அடிக்கும்போது ஒருவரைப் பின்னால் நிறுத்தி சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் எந்த வேகத்தில் சுற்றுகிறது, புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம் என்ற விவரம் இல்லாத கடிதத்துக்கு உருப்படியான பதில் எழுத முடிவதில்லை.

கே: என்னிடம் 2004 இண்டிகா டீசல் இருக்கிறது. ஊட்டியில் காலை 6 மணிக்கு நாலைந்து முறை செல்ஃப் அடித்தால்தான் கிளம்புகிறது. கிளம்பியதும் கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை, ஒரு நிமிடம் வரை குலுக்கல். பிறகு எந்தக் குறையும் இல்லை. கோவையில் நிறுத்தினால் ஒரே அடியில் கிளம்புகிறது. கம்ப்ரஷன் பார்த்த மெக்கானிக் “22 பார்தான் இருக்கு, எஞ்சின் வேலை பார்த்தாகணும்” என்கிறார். பார்த்துவிடலாமா?
– வாசகர், ஊட்டி

ப: இப்போதைக்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். முதலில் அந்த 22-ஐப் பற்றிப் பேசுவோம். பார் என்பது அழுத்தத்தின் அளவு; பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதைத்தான் கம்ப்ரஷன் கேஜ் காட்டுகிறது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. கோவையோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்றே மெலிந்திருக்கும்போது கேஜ் முள்ளும் அதே அளவு இறங்கித்தான் நிற்கும். கோவையில் 28 பார் காட்டும் எஞ்சின் ஊட்டியில் 22-ஐ ஒட்டித்தான் காட்டும். சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் எண் சமவெளிக்கானது. அதை வைத்துக்கொண்டு மலையில் நின்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான்கு சிலிண்டருக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்று கேளுங்கள். 3 பாருக்குள் இருந்தால் கவலை வேண்டாம். ஒன்று மட்டும் 5 பாருக்கு மேல் தள்ளி நின்றால் அந்த சிலிண்டரில் டேப்பட், வால்வு, ரிங் என்ற வரிசையில் பார்க்கலாம்.

உங்கள் எஞ்சின் 1,405 சிசி. நாசில் தெளிக்கும் டீசல் நேராக பிஸ்டன் மேல் விழாமல், ஹெட்டுக்குள் இருக்கும் சிறு அறையில் பற்றி, அங்கிருந்து சிலிண்டருக்கு வரும் வகை. இந்தச் சிறு அறையின் சுவர், அழுத்தத்தால் சூடான காற்றின் வெப்பத்தை உறிஞ்சிவிடும். அதற்கு ஈடுகட்டத்தான் கம்ப்ரஷன் விகிதம், அதாவது காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது, 22-க்கு 1 என்ற அளவுக்கு உயர்த்தப்பட்டிருக்கிறது. அதுவும் போதாமல், அந்த அறையைச் சூடாக்க மின்சாரத்தில் சிவக்கும் ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரியில் உள்ளே போகும் காற்று, செல்ஃப் சுற்றும் வேகத்தில் முழுதாக அழுத்தப்படும்போது 490 டிகிரியை ஒட்டி வரும். 3 டிகிரியில் போனால் 425-ஐத்தான் எட்டும். வெளியே 27 டிகிரி குறைந்ததற்கு உள்ளே கிட்டத்தட்ட 70 டிகிரி போய்விடுகிறது. ரிங் வழியாகக் கசிவதும், குளிர்ந்த இரும்பு இழுத்துக்கொள்வதும் இதற்கு மேல். கோவையில் ஹீட்டர் பிளக் செத்துக் கிடந்தாலும் வண்டி கிளம்பிவிடும், ஊட்டியில் கிளம்பாது. நீங்கள் சொல்லும் வெள்ளைப் புகை, எரியாமல் ஆவியாக வெளியே வரும் டீசல். ஆகவே பம்பும் நாசிலும் டீசலைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன, பற்றவைக்கத்தான் சூடு இல்லை. கிளம்பிய பிறகு ஒரு நிமிடம் குலுங்குவது, ஒன்றிரண்டு சிலிண்டர்கள் மட்டும் பிந்திச் சேர்ந்துகொள்வதன் அடையாளம்.

டேஷ்போர்டில் ஹீட்டருக்கான சுருள் விளக்கு எரிந்து அணைகிறதே என்பீர்கள். அதை நம்பாதீர்கள். விளக்கை டைமர்தான் எரித்து அணைக்கிறது. நான்கு பிளக்கும் போயிருந்தாலும் அது சமர்த்தாக எரிந்து அணையும்.

சோதனைக்கு வருவோம். முதலில், எதையும் கழற்றாமல் ஒன்று. பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு சாவியை ‘ஆன்’ செய்யுங்கள். ஹீட்டர் வேலை செய்தால் மின்னழுத்தம் சட்டென்று அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கும், சில நொடி கழித்து ரிலே ‘டக்’ என்று விடும்போது மேலேறும். இறக்கமே இல்லையென்றால் மின்சாரம் போகவே இல்லை. ரிலேயையும் அதற்கு முன்னால் இருக்கும் பெரிய ஃபியூஸையும் பாருங்கள். அந்த ஃபியூஸ் பட்டை போல இருக்கும், அதில் மயிரிழை போல விரிசல் விட்டிருந்தால் பார்வைக்குத் தெரியாது, மீட்டரில்தான் தெரியும். டிசி கிளாம்ப் மீட்டர் உள்ள எலக்ட்ரீஷியன் கிடைத்தால் இன்னும் சுலபம். நான்கு பிளக்கும் நன்றாக இருந்தால் மொத்தம் 45 முதல் 60 ஆம்பியர் வரை இழுக்கும். ஒரு பிளக் போனால் கால் பங்கு குறையும், இரண்டு போனால் பாதி.

எந்தப் பிளக் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க, நான்கையும் இணைக்கும் உலோகப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். பட்டை இருக்கும்போது அளந்தால் ஒன்றின் நலம் மற்றதன் கோளாறை மறைத்துவிடும். இனி மீட்டரை ஓமில் வைத்து, முதலில் இரண்டு வயர் முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். மலிவு மீட்டர்களில் வயருக்கே 0.3 ஓம் காட்டும். அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு பிளக்கின் நுனிக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே அளந்தால், நல்ல பிளக் அரை முதல் ஒன்றரை ஓம் வரை காட்டும். முடிவில்லா எண் வந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. மீட்டர் இல்லையா? ஒரு டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் வைத்து, மறுமுனையால் பிளக் நுனியைத் தொடுங்கள். விளக்கு எரிந்தால் கம்பி அறுபடவில்லை.

கழற்றும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். முந்தின இரவே துரு தளர்த்தும் எண்ணெயை அடியில் விடுங்கள். மறுநாள் எஞ்சினை நன்றாகச் சூடேற்றிவிட்டு, சின்ன ராட்செட்டால் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுங்கள். ஒரேயடியாக முறுக்கினால் பிளக் நடுவில் முறிந்து, ஹெட்டைக் கழற்றும் செலவு வந்து சேரும். எடுத்த பிளக்கின் நுனியைக் கவனியுங்கள். ஒரே சீராக மங்கிய சாம்பல் நிறமாக இருந்தால் வயதாகிப் போனது. நுனி உருகியோ பிளந்தோ உப்பியோ இருந்தால் அந்த சிலிண்டரின் நாசில் பூத்தூறலாகத் தெளிக்காமல் ஒழுகுகிறது. நாசிலைச் சோதிக்காமல் புதுப் பிளக் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். இந்த வகை எஞ்சினில் நாசில் சுமார் 120 முதல் 150 பார் வரை அழுத்தத்தில் திறக்க வேண்டும். பம்பு கடையில் டெஸ்டரில் மாட்டிப் பார்க்கச் சொன்னால் சில நிமிட வேலை.

புதுப் பிளக் போடும்போது துளையில் ஒட்டிய கரியைச் சுரண்டி எடுத்து, கையாலேயே முழுதும் திருகி, கடைசியில் மிதமாக இறுக்குங்கள். 10 மி.மீ. மரைக்கு 15 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு 20 முதல் 25 வரை போதும். நான்கையும் சேர்த்து மாற்றுவது உத்தமம். ஒன்று வயதாகிப் போயிருந்தால் மற்றவையும் பின்னால் வரிசையில் நிற்கும். பிளக் எல்லாம் நன்றாக இருந்து, டைமிங் பெல்ட் மாற்றிய பிறகுதான் இந்தத் தொல்லை ஆரம்பித்தது என்றால், பம்பு டைமிங், அதாவது பம்பு டீசலை அனுப்பும் நேரம், பிந்தியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டைமிங் பிந்தினாலும் இதே வெள்ளைப் புகைதான் வரும்.

கே: குவாலிஸ் டீசல். காலையில் செல்ஃப் நல்ல வேகமாகத்தான் சுற்றுகிறது, ஆனால் அரை நிமிடம் வரை கிளம்புவதில்லை. புகையும் இல்லை. கிளம்பினால் இரண்டு முறை இருமிவிட்டு ஓடுகிறது. ஹீட்டர் பிளக் நான்கும் புதிது. எங்கள் வீட்டு வாசல் ஏற்றம் என்பதால் மூக்கு மேலே பார்த்தபடிதான் நிறுத்துகிறோம். டீசலை நாசிலுக்கு அழுத்தி அனுப்பும் எஃப்.ஐ. பம்பைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள்.
– வாசகி, கோத்தகிரி

ப: பம்பை யாரும் தொட வேண்டாம். பாதி விடையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேகமாகச் சுற்றியும் புகை துளிகூட வரவில்லை என்றால் சிலிண்டருக்கு டீசலே போகவில்லை. மூக்கு மேலே இருந்தால் பின்னால் இருக்கும் டேங்க், பம்பைவிடத் தாழ்ந்துவிடும். எங்கோ ஓரிடத்தில் காற்று நுழைய வழி இருந்தால், இரவெல்லாம் குழாயில் இருக்கும் டீசல் மெதுவாக டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் செல்ஃப் அடிக்கும் அந்த அரை நிமிடமும் பம்பு மறுபடி டீசலை இழுத்துக்கொண்டு வர ஆகும் நேரம். இன்றிரவு வண்டியைத் திருப்பி, மூக்கு கீழே பார்க்க நிறுத்திப் பாருங்கள். காலையில் சட்டென்று கிளம்பினால் சந்தேகம் தீர்ந்தது.

அடுத்த நாள் வழக்கம்போல் மூக்கு மேலே நிறுத்துங்கள். காலையில் சாவி போடும் முன் டீசல் ஃபில்டர் மேல் இருக்கும் கைப்பம்பை அழுத்துங்கள். குழாய் நிறைந்திருந்தால் இரண்டு மூன்று அழுத்தலிலேயே விரலுக்குக் கல் மாதிரி தட்டும். காற்று இருந்தால் பதினைந்து இருபது தடவை வரை மெத்தென்று இறங்கிக்கொண்டே இருக்கும், பிறகுதான் இறுகும். இறுகிய பின் ஹீட்டர் போட்டு செல்ஃப் அடித்தால் உடனே பிடித்துக்கொள்ளும்.

ஓட்டையைத் தேடும்போது டீசல் ஈரத்தை மட்டும் தேடாதீர்கள். டேங்குக்கும் பம்புக்கும் இடையே உள்ள குழாய்களில் பம்பு டீசலை உறிஞ்சுகிறது. ஆகவே காற்று உள்ளே போகும், டீசல் வெளியே வராமலும் இருக்கும். முதல் சந்தேகம் நாசில்களில் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரப்பர் ரிட்டர்ன் குழாய்கள். வளைத்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும். விலை சொற்பம், வெடிப்பு இல்லாவிட்டாலும் மாற்றிவிடலாம்.  அடுத்தது ஃபில்டரின் ரப்பர் வளையம், அடியில் இருக்கும் தண்ணீர் வடிக்கும் திருகு, கைப்பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் தகடு. பிறகு குழாய் முனைகளைப் பிடித்திருக்கும் பேங்கோ போல்ட்டுகளின் செம்பு வாஷர். ஒருமுறை இறுக்கிய வாஷரைத் திரும்பப் போடக் கூடாது. ரப்பர் எல்லாமே குளிரில் விறைத்துச் சுருங்குவதால், மதியம் அடைத்துக்கொள்ளும் இடைவெளி விடிகாலையில் திறந்துகொள்ளும். இந்தக் கோளாறு குளிர்காலத்தில் மட்டும் தலைகாட்டுவதன் காரணம் அதுதான்.

எந்தப் பகுதி என்று பிடிபடவில்லையென்றால், உள்விட்டம் 8 மி.மீ. உள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் அரை அடி வாங்கி, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே மாட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது அதில் குமிழிகள் ஓடினால், அதே குழாயை ஃபில்டருக்கு முன்னால் மாற்றி மாட்டுங்கள். அங்கே குமிழி இல்லையென்றால் குற்றவாளி ஃபில்டர் பாகம். அங்கேயும் இருந்தால் டேங்கிலிருந்து வரும் குழாய். சோதனை முடிந்ததும் அந்தப் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிடுங்கள், டீசலில் ஊறி விறைத்து அதுவே வெடிக்கும். இதற்கெல்லாம் பதிலாக ஒருவழி வால்வு ஒன்றைக் குழாயில் செருகிவிடுபவர்கள் உண்டு. வண்டி கிளம்பும், ஓட்டை அப்படியே இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் புகை இல்லையென்றால், பம்பின் மேல் இருந்து டீசல் வழியைத் திறந்து மூடும் ஸ்டாப் சோலனாய்டைப் பாருங்கள். சாவியை ஆன் செய்யும்போது அது ‘டிக்’ என்று சத்தம் போட வேண்டும், அங்கே 12 வோல்ட் வர வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகுதான் பம்புக்கு முறை வரும்.

கே: இசுஸு டீசல் எஞ்சின் போட்ட அம்பாசடர். காலையில் செல்ஃப் ‘உய்ய்... உய்ய்...’ என்று முனகியபடி மெதுவாகச் சுற்றி நின்றுவிடுகிறது. சென்ற மாதம்தான் புது பேட்டரி போட்டேன், 45 ஆம்பியர் ஹவர். எஞ்சின் ஆயில் 20டபிள்யூ–50.
– வாசகர், கொடைக்கானல்

ப: 2 லிட்டர் டீசலுக்கு 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி பற்றாது. இந்த அளவு எஞ்சினுக்கு 70 முதல் 80 வரை உள்ளதைப் போடுவதுதான் வழக்கம். 0 டிகிரியை நெருங்கும்போது எந்த பேட்டரியும் தன் பலத்தில் ஏறத்தாழ கால் பங்கை இழக்கும். அதே நேரத்தில் கெட்டியான ஆயில் எஞ்சினைப் பிடித்து இழுக்கும். போதாக்குறைக்கு ஹீட்டர் பிளக்குகள் 50 ஆம்பியரை முன்கூட்டியே குடித்துவிடும். டீசல் எஞ்சின் பற்ற வேண்டுமானால் செல்ஃப் நிமிடத்துக்கு 150 சுற்றாவது தர வேண்டும். உங்கள் வண்டி அதை எட்டவில்லை.

ஆனாலும் பேட்டரிக்கு மறுபடி பணம் போடும் முன் நான்கு அளவுகள் எடுங்கள். இரவு முழுதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. போனால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. 11-க்கு மேலேயே நின்றும் மெதுவாகச் சுற்றினால் பேட்டரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, வழியில் ஏதோ தடை. அதைப் பிடிக்க, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் தண்டின் மேலும், மறுமுனையை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்து சரியில்லை. அதே போல் பாசிட்டிவ் தண்டிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை அரை வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

பழைய அம்பாசடர்களில் எர்த்துப் பட்டைதான் அடிக்கடி மாட்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால் பாடிக்கும் எஞ்சினுக்கும் பாலம் அந்தப் பட்டை ஒன்றே. அது அரித்துப்போனால் செல்ஃப் மின்சாரம் ஆக்சிலேட்டர் கேபிள், ஸ்டாப் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்த பின் அந்தக் கேபிள்களைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் வேறு சோதனையே வேண்டாம். பட்டையின் இரு முனையையும், அது உட்காரும் இரும்பையும் எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கிய பின் மேலே வாசலைன் தடவுங்கள்.

ஆயிலை 15டபிள்யூ–40க்கு மாற்றுங்கள், டப்பாவில் சிஐ–4 என்ற தரம் போட்டிருக்கட்டும். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண்தான் குளிரில் ஆயில் எவ்வளவு இளகியிருக்கும் என்பதைச் சொல்வது. சமவெளி வெயிலுக்கு வாங்கிய 20டபிள்யூ–50 கொடைக்கானல் விடியலுக்கு ஒத்துவராது. கடைசியாக, காசில்லாத ஒரு உதவி: செல்ஃப் அடிக்கும்போது கிளட்சை முழுதும் மிதித்திருங்கள். கெட்டிப்போன கியர்பாக்ஸ் ஆயிலைக் கிண்டும் வேலை செல்ஃபுக்கு மிச்சமாகும். இதற்குப் பிறகும் முனகினால் செல்ஃப் மோட்டாரின் புஷ்ஷும் கார்பனும் பார்க்க வேண்டும். புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் உள்ளே உரசும்.

கே: குளிரில் டீசல் உறைந்துபோகிறது, லிட்டருக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் சரியாகிவிடும் என்று ஸ்டாண்டில் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகர், தலைகுந்தா

ப: டீசலில் மெழுகு இருப்பது உண்மை, குளிரில் அது பிரிந்து ஃபில்டரை அடைப்பதும் உண்மை. நம் நாட்டு டீசலுக்கான தரக்குறிப்பு ஐஎஸ் 1460. ஃபில்டர் அடைபடத் தொடங்கும் வெப்பநிலைக்கு அது வைத்திருக்கும் மேல் வரம்பு கோடையில் 18 டிகிரி, நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்காலத்தில் 6 டிகிரி. இவை வரம்புகள்தான், பெட்ரோல் பங்கில் வரும் டீசல் பெரும்பாலும் இதைவிட நன்றாகவே இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல்: லடாக்குக்காக இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்த தனி டீசல், மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மை இழக்காது. நீலகிரியின் உறைபனிக் காலைகள் அந்த ரகமல்ல.

ஊகம் எதற்கு, சோதித்துவிடுங்கள். உங்கள் டேங்கில் இருக்கும் அதே டீசலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, இரவில் வண்டிக்குப் பக்கத்திலேயே வெளியில் வையுங்கள். காலையில் கலங்கிப் பால் கலந்தது போல் இருந்தால் மெழுகு. தெளிவாக இருந்து, அடியில் முத்து முத்தாக நீர் உருண்டால் அதுதான் வில்லன். 0 டிகிரியில் மெழுகைவிட ஃபில்டர் அடியில் தேங்கிய தண்ணீர்தான் முதலில் தொல்லை தரும், உறைந்து வழியை அடைத்துவிடும். ஃபில்டரின் வடிதிருகைத் திறந்து, சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிடுங்கள். டேங்கைப் பாதிக்குக் கீழே விடாதீர்கள். காலி இடத்துக் காற்றின் ஈரம்தான் இரவில் நீராக இறங்குகிறது. டிசம்பர், ஜனவரியில் சமவெளியில் டேங்க் நிரப்பிக்கொண்டு வருவதற்குப் பதில் மலையில் உள்ள பங்கிலேயே போடுங்கள்.

மண்ணெண்ணெய் வேண்டாம். வாகனத்தில் கலப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். உங்கள் பம்புக்குள் தனி ஆயில் கிடையாது, அதன் உள்பாகங்களுக்கு வழவழப்பே டீசல்தான். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்–6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) மட்டுமே. கந்தகத்தை நீக்கும்போது இயற்கையான வழவழப்பும் போய்விடுவதால் அதைச் சேர்மானம் போட்டு ஈடுகட்டுகிறார்கள். அதில் மண்ணெண்ணெய் கலந்தால் அந்த ஈடும் நீர்த்துவிடும். ஒரு குளிர்காலம் நிம்மதியாகக் கிளம்பிவிட்டு, அடுத்த வருடம் பம்பு வேலைக்குப் பணம் எண்ணுவீர்கள்.

கே: எங்களிடம் டொயோட்டா டவுன்ஏஸ் வேன், 2சி எஞ்சின். ஹீட்டர் பிளக் மாற்றினால் சில கிழமைகளுக்குள் மறுபடி எரிந்துபோகிறது. நான்கும் ஒன்றாகவே போகின்றன. கராஜில் தனியாக ஒரு பட்டன் வைத்துத் தந்திருக்கிறார்கள்.
– வாசகர், நுவரெலியா

ப: ஒன்று மட்டும் போயிருந்தால் நாசிலைச் சொல்லியிருப்போம். நான்கும் சேர்ந்து போவதென்றால் மின்னழுத்தக் கோளாறு. பழைய பிளக்கின் உடம்பில் பொறித்திருக்கும் வோல்ட் எண்ணைப் படியுங்கள். அந்த வரிசை எஞ்சின்களில் சிலவற்றுக்கு 6 வோல்ட் பிளக்கும், சிலவற்றுக்கு 11 அல்லது 12 வோல்ட் பிளக்கும் வரும். 6 வோல்ட் அமைப்பில் இரண்டு ரிலே இருக்கும். முதலாவது சில நொடிக்கு முழு பேட்டரி மின்சாரத்தையும் கொடுத்து வேகமாகச் சிவக்க வைக்கும். பிறகு அது விட்டுவிட, இரண்டாவது ரிலே ஒரு தடையின் வழியே பாதி அழுத்தத்தில் சூட்டைத் தக்கவைக்கும். முதல் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் முழு அழுத்தமும் தொடர்ந்து போகும், வண்டி கிளம்பியபின் ஆல்டர்னேட்டரின் 14 வோல்ட்டும் அதன் மேல் விழும்.

பிளக்குகளை இணைக்கும் பட்டையில் மீட்டரை வைத்து சாவியைப் போடுங்கள். முதலில் பேட்டரி அளவு, சில நொடியில் 5–7 வோல்ட், கிளம்பி இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பூச்சியம் என்று இறங்க வேண்டும். எண் இறங்காமலே நின்றால் முதல் ரிலேயை மாற்றுங்கள். அந்தப் பட்டனோ ரிலே, டைமர், தடை எல்லாவற்றையும் தாண்டி நேராக 12 வோல்ட் கொடுக்கிறது. 6 வோல்ட் பிளக்கில் அதை எட்டு பத்து நொடி அமுக்கிப் பிடித்தால் நுனி உருகும். பட்டன்தான் வேண்டும் என்றால் 12 வோல்ட் பிளக் நான்கு போட்டு, பழைய ரிலே இணைப்பைத் துண்டித்து, 15 நொடிக்கு மேல் போகாமல் அமுக்குங்கள். இரண்டு முறையையும் கலந்து வைத்திருப்பதுதான் இப்போதைய தொல்லை.

கே: ஏர் ஃபில்டரில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்தால் உடனே கிளம்புகிறதே, தினமும் அடிக்கலாமா?
– வாசகர், வால்பாறை

ப: ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஒரு நாள்கூட அடிக்காதீர்கள். அந்த ஸ்ப்ரேயில் இருப்பது ஈதர். 160–180 டிகிரியிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே, சிவந்த பிளக்கில் பட்டு வெடித்தால் ரிங் பள்ளம் உடையும், கனெக்டிங் ராடு வளையும். ஏர் ஃபில்டர் வாயில் துணி கொளுத்திப் பிடிப்பதும் ஆயில் சம்புக்கு அடியில் தீ மூட்டுவதும் அதே ரகம்.

கே: வீடு சரிவில் இருக்கிறது. செல்ஃப் எடுக்காத நாளில் இறக்கத்தில் உருட்டி கியர் போட்டுக் கிளப்புகிறோம். எஸ்டேட் ரோடு, வளைவுகள் உண்டு. கெடுதல் ஏதும் உண்டா?
– வாசகி, குன்னூர்

ப: எஞ்சினுக்கு வரும் கெடுதல் இருக்கட்டும், உங்களுக்கு வருவதை முதலில் சொல்கிறோம். டீசல் காரில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை எஞ்சினோடு சுற்றும் தனிப் பம்புதான் உண்டாக்குகிறது. இரவு முழுதும் நின்ற வண்டியில் அந்த வெற்றிடம் தீர்ந்திருக்கலாம். எஞ்சின் அணைந்தபடி உருளும்போது முதல் மிதியே கல் மாதிரி இருக்கும். பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். வளைவுள்ள சாலையில் இதைச் செய்யவே வேண்டாம்.

நேரான, முடிவில் சமதளம் உள்ள இடத்தில் அவசரத்துக்குச் செய்வதானால், சாவி ஆன் நிலையில் இருக்கட்டும். அணைத்தால் ஸ்டாப் சோலனாய்டு டீசலை விடாது, சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். உருட்டும் முன் ஹீட்டரை இரண்டு சுற்று போடுங்கள், அது இல்லாமல் உருட்டினால் வெள்ளைப் புகைதான் வரும். கை பிரேக்கில் ஒரு கை இருக்கட்டும். வண்டி நடை வேகத்தைத் தாண்டியதும் இரண்டாவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். முதல் கியரில் விட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அல்லது எஞ்சினை ஒரேயடியாக உதறும். அந்த உதறலில் பழைய டைமிங் பெல்ட் ஒரு பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதும். ரிவர்ஸ் கியரில் பின்னோக்கி உருட்டிக் கிளப்புவதும் அதே காரணத்துக்காகக் கூடாது. 

தினமும் உருட்ட வேண்டிய நிலை என்றால் மேலே கொடைக்கானல் வாசகருக்குச் சொன்ன நான்கு அளவுகளை உங்கள் எலக்ட்ரீஷியனிடம் எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை ஜம்பர் கேபிள் ஒன்று வண்டியில் இருக்கட்டும். கடையில் சல்லிசாகக் கிடைக்கும் மெல்லிய கேபிள் டீசல் செல்ஃபுக்குச் சூடாகி இளகும், உள்ளே செம்புக் கம்பி 25 சதுர மி.மீ. உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு பாசிட்டிவையும் முதலில் இணைத்து, கறுப்புக் கேபிளின் கடைசி முனையை உங்கள் பேட்டரியில் மாட்டாமல், அதைவிட்டுத் தள்ளி எஞ்சின் இரும்பில் கவ்வவிடுங்கள். உதவிக்கு வந்த வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு ஹீட்டர் போட்டு செல்ஃப் அடியுங்கள்.